ஆம்பூரில் எல்லோரும் கை தூக்கிய மதியம்

மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் எனக்குப் போன் செய்தார். காவேரிப்பாக்கத்தில் நடத்திய கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கு அவ்வளவு ஆவல். "மேடம், ஹால் நெறஞ்சிடுச்சு. ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசல. எல்லாரும் சரின்னுட்டாங்க!" என்றார். நானும் வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்த பிறகு, ஒருவர்கூடவா எதிர்க்கவில்லை என்று வாய்விட்டே புலம்பினேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்கு இந்தக் கவலை என்று என் கணவர் கேட்டார். "ஆம்பூர் ஞாபகம் வந்துடுச்சு" என்றேன். அவர் உடனே எழுந்து நடைப்பயிற்சிக்குப் போய்விட்டார். அந்தக் கதையை அவர் பலமுறை கேட்டாயிற்று. நீங்கள் கேட்டதில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் நாடு ஒரு சர்வதேச வானியல் கூட்டமைப்பில் உறுப்பினராகச் சேரலாமா வேண்டாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. பல நாடுகள் பங்கு போட்டு, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு வறண்ட நிலத்தில் பெரிய தொலைநோக்கி கட்டுகின்றன. சேர்ந்தால் நாமும் பங்குப் பணம் கட்ட வேண்டும். பதிலுக்கு நம் விஞ்ஞானிகளுக்கு அதில் பார்க்க நேரம் கிடைக்கும். அதை நடத்தும் குழுவில் ஒரு நாற்காலியும் கிடைக்கும். வரிப்பணம் போகிற விஷயம் என்பதால் மக்களிடம் போய்ப் பேசுங்கள், ஆதரவு திரட்டுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எங்கள் ஆய்வகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருந்தவள் நான். வாலாஜாபேட்டையில் தொடங்கி ஆம்பூர் வரைக்கும் என் பொறுப்பு.

மக்களிடம் பேசுவது என்றால் திட்டு வாங்குவது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. வாலாஜாபேட்டை மார்க்கெட்டில் தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா என் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "வானத்துல கீறது அங்கியேதான இருக்கப் போவுது? அவசரம் இன்னா?" என்றார். குடியாத்தத்தில் ஒரு பவர்லூம் முதலாளி தறிச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். எனக்கு மனம் குளிர்ந்தது. கடைசியில், "எல்லாம் சரி மேடம், சனிப்பெயர்ச்சிக்கு இவங்க இன்னா சொல்றாங்க?" என்று கேட்டார். வேலூரில் கல்லூரிப் பிள்ளைகளோ, முதலில் ஹாஸ்டல் தண்ணீருக்கு ஒரு சர்வதேச அமைப்பு உண்டா என்றார்கள். ஊர் ஊராகப் போய் இப்படிக் கேட்டுக் கேட்டு, எதிர்த்துப் பேசாத ஒரு ஊர் கிடைத்தால் அங்கேயே வீடு பார்த்துக் குடியேறிவிடலாம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. சேர விரும்பும் நாட்டில் விஞ்ஞானிகள் மட்டும்தான் குதிக்கிறார்களா, சாதாரண மக்களுக்கும் இதில் மனம் இருக்கிறதா என்று அவர்கள் நேரில் பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். அறிக்கை மோசமாகப் போனால் நம் விண்ணப்பம் கடைசி வரிசைக்குத் தள்ளப்படும்.

எங்கள் இயக்குநர் பெரிய வானியல் அறிஞர். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். எந்தப் பெரிய சிக்கலையும் ஏலக்காய் மென்றபடி தீர்த்துவிடுவார். ஆனால் வெளிநாட்டு விருந்தினர் யாராவது எதிரில் வந்தால் போதும், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நிற்கும் பெண் மாதிரி ஆகிவிடுவார். விருந்தினரை எங்கே கூட்டிப் போவது என்று இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்தார். "அவங்க ஊர்ல போடற ஷூவ இங்க தைக்கறாங்க. அந்தக் கையெல்லாம் நமக்காகத் தூக்கினா எப்படி இருக்கும்மா!" என்றார். யோசனை நல்ல யோசனைதான். தொழிற்சாலைக்குப் போன் செய்ததும் அவரேதான். போனில் அவர் சொன்னது இவ்வளவு: "இண்டர்நேஷனல் ஆர்கனைசேஷன்ல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க. தொழிலாளிங்ககிட்ட நேரா பேசணுமாம். டெலஸ்கோப் விஷயம்."

தோல் தொழில் நடக்கும் ஊரில் இந்த மூன்று வாக்கியங்களைக் கேட்டால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வந்த விருந்தினரில் ஒருவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அம்மையார். கேள்வி கேட்பதெல்லாம் அவர் வேலை. இன்னொருவர் மிக நெட்டையான மனிதர். வாயே திறக்க மாட்டார். ஆயுள் முழுக்க வானத்தைப் பார்த்தே பழகியதாலோ என்னவோ, எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பார்.

எச்.ஆர். மேனேஜர் பூங்கொத்தோடு வாசலில் நின்றார். தரையில் மஞ்சள் கோடுகள் பளபளத்தன. நெட்டையர் ஒன்றை மிதித்தபோது பெயிண்ட் ஷூவில் ஒட்டிக்கொண்டது. தீயணைப்புக் கருவிகளுக்கெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்காததுதான் பாக்கி. கேண்டீனில் எல்லாக் கதவுகளும் அகலத் திறந்திருந்தன. தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் கிளவுஸ். எதிரில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. கிளவுஸ் போட்ட கையோடு சாம்பார் சாதம் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் இயக்குநர் என் காதருகே, "எவ்ளோ டிசிப்ளின் பாத்தியாம்மா!" என்றார். யோசனை கலைந்துவிட்டது.

மேனேஜர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். நெட்டையர் வழக்கம்போல அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மேனேஜர் ஓடி வந்து, "ஸ்மோக் டிடெக்டர் எல்லாமே ஒர்க்கிங் சார். நேத்துதான் டெஸ்ட் பண்ணோம்" என்றார். நெட்டையர் மரியாதையாகத் தலையசைத்து, இன்னொரு மூலையை அண்ணாந்து பார்த்தார். மேனேஜர் முகத்தில் வியர்வை அரும்பியது.

நான் படங்களைக் காட்டிப் பேசினேன். தொலைநோக்கி, பால்வீதி, சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கட்ட வேண்டும், எல்லாம் சொன்னேன். பேச்சு முடிந்ததும் அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "உங்கள் நாடு இதில் சேரலாம் என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள்."

அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. வெள்ளை கிளவுஸ் போட்ட கைகள். கொக்குக் கூட்டம் எழும்பியது போல இருந்தது. பரிமாறுகிறவர் கரண்டியோடு கையைத் தூக்கினார். மேனேஜரும் தூக்கினார்.

இத்தனை மாதம் வாங்கிய திட்டெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. இங்கே வீடு வாடகை எவ்வளவு இருக்கும் என்று கேட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மையாருக்கும் மகிழ்ச்சிதான். முதல் வரிசையில் இருந்த நடுவயதுக்காரரைப் பார்த்து, "வானத்தைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும்?" என்று கேட்டார். அவர் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஏழுமலை. பெயர் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் இருந்தது. விறைப்பாக எழுந்து நின்றார்.

"எங்களுக்கு வாரா வாரம் புது கிளவுஸ் தர்றாங்க மேடம். ஓவர்டைம் எங்க இஷ்டம்தான். யாரும் கட்டாயப்படுத்தறதில்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மையார் ஆவலோடு என்னைப் பார்த்தார். இயக்குநரும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் ஆவல் இல்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வானத்தோட கொஞ்சம் சேத்துச் சொல்லும்மா. அவங்களுக்குத் தமிழா தெரியப்போவுது?" என்று கிசுகிசுத்தார்.

பிள்ளைகளே, நம் தொழிலில் இந்த மாதிரி ஒரு கணம் எல்லோருக்கும் வரும். அது வரும்போது யோசிக்க நேரம் இருக்காது. எதிரில் இருப்பவருக்கு மொழி தெரியாது. பக்கத்தில் இருப்பவர் நம் மேலதிகாரி. ஒரு அழகான வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நிற்கும். "நட்சத்திரங்கள் எங்களைக் காக்கும் கரங்கள் என்கிறார்" என்ற வாக்கியம் உண்மையிலேயே என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏழுமலையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் விறைத்து உட்கார்ந்து, பாடம் ஒப்பித்து முடித்த மனிதர். அவர் பேரில் நான் ஒரு கவிதை எழுதினால், அதற்கப்புறம் அவர் நிஜமாக ஏதாவது சொல்லும்போது அதை எங்கே வைப்பது? சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மையார் சற்று யோசித்தார். "கிளவுஸா? இங்கே இரவில் அவ்வளவு குளிருமா?" என்றார்.

ஆம்பூரில்! வெயிலில் மொசைக் தரை கொதிக்கும் ஆம்பூரில்! நான் அதையும் மொழிபெயர்த்தேன். கேண்டீனில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம். நம் ஊர்க்காரர்கள் இருநூறு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஆம்பூரில் குளிருமா என்று ஒருவர் கேட்டும் சிரிப்பு வரவில்லை என்றால், அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

அம்மையார் விடவில்லை. தையல் பிரிவில் இருந்த ஒரு இளம்பெண்ணைக் காட்டி, பால்வீதியைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டார். மஞ்சுளா என்ற அந்தப் பெண் எழுந்து, மூச்சு விடாமல், "இங்க பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் வேலை செய்யல மேடம். லேடீஸுக்குத் தனி டாய்லெட் இருக்கு. கம்ப்ளைண்ட் பாக்ஸ் இருக்கு, ஆனா கம்ப்ளைண்ட் இல்ல" என்றாள்.

அதையும் சொன்னேன். இயக்குநர் வாயிலிருந்த ஏலக்காயை விழுங்கிவிட்டு இருமத் தொடங்கினார்.

அம்மையாரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில், "இவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா? தூக்கிய கைகள்கூட அப்படித்தானா? அப்படியென்றால் நான் அதை எழுதத்தான் வேண்டியிருக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. மஞ்சள் கோடு, கிளவுஸ், திறந்த கதவு, ஸ்மோக் டிடெக்டர். இந்தத் தொழிற்சாலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேராக வந்தால் அது ஆடிட். தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று சோதிக்க, வாங்குகிற கம்பெனியோ, சான்றிதழ் தருகிற அமைப்போ அனுப்பும் ஆட்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை தப்பாகப் போனால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் வேலை போய்விடும். இவர்கள் எங்களுக்காகக் கை தூக்கவில்லை. தங்கள் வேலைக்காகத் தூக்கியிருக்கிறார்கள்.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "சார், இவங்கள ஆடிட்டர்னு நெனச்சீங்களா?"

"இல்ல மேடம், டெலஸ்கோப்தான? போன்ல சொன்னாங்களே" என்று பலமாகச் சிரித்துவிட்டு, குரலை இறக்கினார். "இப்பல்லாம் எதாவது ஒண்ணு சொல்லிட்டுத்தான் மேடம் வர்றாங்க. போன தடவ ஒருத்தர் பிரியாணி சாப்ட வந்த டூரிஸ்ட்டுன்னு வந்தாரு. தம் உடைக்கறதுக்குள்ள பாய்லர் ரூமுக்குப் போய்ட்டாரு."

நான் சொல்வதை அவர் நம்பப் போவதில்லை. தொழிலாளர்களிடம் நேராகப் பேசிவிடலாம், இவர் எதிரில் இருந்தால் வாய் திறக்க மாட்டார்கள் என்று நினைத்து, "சார், கொஞ்ச நேரம் வெளியில இருக்க முடியுமா?" என்றேன்.

அதுவரை நடந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. ஆடிட்டர்கள் செய்கிற முதல் காரியம் மேனேஜரை வெளியே அனுப்புவதுதான் என்று எனக்கு யார் சொல்லியிருந்தார்கள்? அவர் கதவைத் தாண்டியதுதான் தாமதம், கொஞ்சநஞ்சம் சந்தேகத்தில் இருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாஸ்க்கைக் கழுத்தில் இறக்கியிருந்தவர்கள் மேலே ஏற்றினார்கள். பின்வரிசையிலிருந்து யாரும் கேட்காமலே ஒருவர் எழுந்து, "சம்பளம் கரெக்டா பேங்க்ல வந்துருது மேடம்!" என்று கத்தினார்.

அம்மையார் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பத் தயாராகிவிட்டார். இயக்குநரைப் பார்த்தேன். அவர் தொலைநோக்கிப் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. கதவருகே போய் மேனேஜரைத் திரும்பக் கூப்பிட்டேன். "சார், உள்ள வாங்க. வந்து இவங்களோடவே உக்காருங்க. ஏழுமலை அண்ணே, கொஞ்சம் தள்ளி எடம் குடுங்க."

மேனேஜர் தயங்கித் தயங்கி வந்து ஏழுமலைக்கும் பக்கத்துத் தொழிலாளிக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தார். கேண்டீனில் முணுமுணுப்பு எழுந்தது. மஞ்சுளா மாஸ்க்குக்கு மேலே கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள், மேனேஜரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நெட்டையரைப் பார்த்தாள்.

"ஆடிட்டா இருந்தா மேனேஜரத் திருப்பி உள்ள உடமாட்டாங்களே?" என்றாள்.

"அதான் சொல்றேன். நாங்க ஆடிட் இல்ல. நெஜமாவே நட்சத்திரம் பாக்கற ஆளுங்க."

"அந்த உயரமா கீறவரு கூரைய இன்னாத்துக்குப் பாத்துக்கினே இருக்காரு?"

"அவருக்கு அது பழக்கம்மா. எங்க போனாலும் மேலதான் பாப்பாரு."

மஞ்சுளா மாஸ்க்கைக் கழற்றினாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "ஆம்பூர்ல குளிருமான்னு கேட்டாங்கடி!" என்று பக்கத்தில் இருந்தவளைத் தட்டினாள். அவ்வளவுதான். கேண்டீன் முழுக்கச் சிரிப்பு பரவியது. கிளவுஸ்கள் மேசைமேல் விழுந்தன. எல்லோரும் ஆறிப்போன சாம்பார் சாதத்தில் கை வைத்தார்கள். மேனேஜர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று பார்த்தால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கும் முன்னே ஏழுமலை எழுந்தார். இந்த முறை விறைப்பு இல்லை.

"மேடம், ஆடிட் இல்லன்னா நான் ஒண்ணு சொல்றேன். சேர வேணாம்."

அதையும் சொன்னபடியே மொழிபெயர்த்தேன். அம்மையார் மடியிலிருந்த கைப்பையைக் கீழே வைத்தார். "ஏன் வேண்டாம் என்று கேளுங்கள்" என்றார்.

"இந்த மாதிரி எதுல சேந்தாலும் பேஜார்தான் மேடம். மெம்பர் ஆவற வரைக்கும் சிரிச்சுப் பேசுவாங்க. ஆனப்பறம் அவங்க சொல்றதுதான் ரூலு. கோடு போடுன்னா போடணும், அழின்னா அழிக்கணும். நம்ம துட்டையும் கட்டிட்டு அவங்க முன்னாடி கையக் கட்டி நிக்கணுமா?"

பலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். மேனேஜர் தன்னையறியாமல் தலையாட்டினார்.

மஞ்சுளா உட்கார்ந்தபடியே, "சேரலன்னா மட்டும் அவங்க ரூலு இல்லியாண்ணா?" என்றாள். "அப்பவும் அவங்க டெலஸ்கோப்புலதான் நம்மாளு கெஞ்சிக் கேட்டுப் பாக்கணும். நடத்தற எடத்துல நாற்காலி தர்றாங்கன்னு மேடம் சொன்னாங்களே. ஒரு நாளாவது நம்மாளுங்க ரெண்டு பேரு அங்க போயி, எங்க எக்ஸிட் டோரு, எங்க ஃபயர் பக்கெட்டுன்னு அவங்களக் கேக்க வேணாமா? நான் சேரணும்னுதான் சொல்வேன்."

கைதட்டல் காதைப் பிளந்தது. நான் மொழிபெயர்த்து முடித்ததும் அம்மையார் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். பயணம் முழுக்க வாய் திறக்காத நெட்டையர் முதல்முறையாகப் பேசினார். "உறுப்பினர் ஆனால் கேட்கலாம். சொல்லப்போனால் எங்கள் கட்டடத்தில் ஒரு அவசர வழிக் கதவு சரியாகத் திறப்பதில்லை" என்றார். அதை நான் சொன்னபோது எழுந்த ஆரவாரத்தில் பரிமாறுகிறவர் கரண்டியைத் தவறவிட்டார்.

பிறகு நடந்தது உண்மையான கூட்டம். பணம் எவ்வளவு, யார் கட்டுவது, நம்ம பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்றார்கள். வாலாஜாபேட்டையில் நான் கேட்ட அதே கேள்விகளும் வந்தன. எனக்கு அவை முதன்முறையாக இனித்தன. கட்டிங் ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம் என்று சண்டையே மூண்டது. மறுபடி கை தூக்கச் சொன்னோம். சேரலாம் என்றவர்கள் கொஞ்சம் ஜாஸ்தி, வேண்டாம் என்றவர்கள் கொஞ்சம் கம்மி. மேனேஜர் எதற்கும் கை தூக்கவில்லை. "கம்பெனி இதுல நியூட்ரல் மேடம்" என்றார்.

திரும்பும் வழியில் காரில் இயக்குநர் முன்சீட்டில் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் பின்னால் இருந்த அம்மையார், "போன இடமெல்லாம் எங்களை வரவேற்றுப் பாட்டுப் பாடினார்கள். எங்களோடு சண்டை போட்டது இங்கே மட்டும்தான். சண்டை போடுகிறவர்கள் யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத்தான் எழுதப்போகிறேன்" என்றார். இயக்குநர் மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து ஏலக்காய் டப்பாவை எடுத்து, முதலில் பின்னால் திரும்பி என்னிடம் நீட்டினார். பதினாறு வருடம் அவரிடம் வேலை பார்த்ததில் அன்றுதான் எனக்கு ஏலக்காய் கிடைத்தது. "நான் சொன்ன மாதிரி நீ மாத்திச் சொல்லியிருந்தா, நம்ம கத அங்கியே முடிஞ்சிருக்கும்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெரிய மனிதர்களுக்கு அதைச் சொல்வதே எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன்: ஹால் நிறைந்திருக்கிறது, எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அவர்கள் உங்களை யார் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கடன் தர வந்தவர் என்று நினைத்திருக்கலாம். ஓட்டுக் கேட்க வந்தவர் என்று நினைத்திருக்கலாம். 'வேண்டாம்' என்று சொல்ல இடமில்லாத கூட்டத்தில் கிடைக்கும் 'சரி' எதற்கும் உதவாது.

இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. நாடு கடைசியில் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆம்பூரால் சேர்ந்தது என்று சொல்ல மாட்டேன்; அது பெரிய இடத்து விஷயம். ஆனால் செய்தி வந்த அன்று முதலில் அந்தத் தொழிற்சாலைக்குத்தான் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் மேனேஜர், "மேடம், இன்னிக்கே வர்றீங்களா? ஒரு மணி நேரம் டைம் குடுங்க!" என்று பதறினார். இல்லை, சேதி சொல்லத்தான் என்றேன். அவர் போனைக் கட்டிங் பிரிவுக்கே எடுத்துப் போய் ஏழுமலையிடம் கொடுத்தார்.

"ஏழுமலை அண்ணே, நம்ம நாடு அதுல சேந்துடுச்சு" என்றேன். அவர் வருத்தப்படுவாரோ என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"நான் வேணாம்னுதான சொன்னேன். அத ரிப்போர்ட்ல போட்டாங்களா மேடம்?"

"போட்டாங்கண்ணே. நீங்க சொன்ன காரணத்தோட சேத்துப் போட்டிருக்காங்க."

"அப்ப செரி," என்றார் ஏழுமலை. "சேந்தது நல்லதுதான்."